அப்பாவுக்குக் கன்னடம் மறந்த நாள்

எனக்குப் பிறக்கவிருந்த தம்பி உயிரில்லாமல் பிறந்தபோது எனக்கு ஏழு வயது. அதன்பிறகு அம்மா சிரிக்கவில்லை. மற்றபடி எல்லாம் நடந்தது. எனக்குத் தலை பின்னினாள், டிபன் கட்டினாள், ஆபீஸ் வண்டி ஏறி வைட்ஃபீல்டுக்குப் போய்வந்தாள். நான் குரங்குபோல் நடித்துக் காட்டினால் கவனமாகப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்பாள், மார்க் போடுகிற டீச்சரைப்போல. சித்தி போனில் விசாரித்தபோது அம்மா சொன்னது என் காதிலும் விழுந்தது.

"அழுகைகூட வரலடி. மரத்துப்போன கையைக் கிள்ளிப் பாக்கற மாதிரி இருக்கு."

அப்பா பெங்களூரில், ஈஜிபுராவிலேயே பிறந்து வளர்ந்தவர். வீட்டில் தமிழ், வாசல் தாண்டினால் கன்னடம். அவரைக்காய் சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வரமாட்டேன் என்ற அம்மாவையும் என்னையும் காய் வாங்கக் கூட்டிப்போனார். வழக்கமாக வாங்கும் தள்ளுவண்டிக்கார அக்கா தராசில் அள்ளிப் போட்டு, "சாக்கா அண்ணா?" என்றார். கன்னடத்தில், போதுமா என்று அர்த்தம்.

"சாக்கெல்லாம் எதுக்கும்மா? பையிலயே போடு" என்றார் அப்பா, தமிழில்.

அக்கா விழித்தார். இன்னும் ஒரு கை அள்ளிப்போட்டு மறுபடி கேட்டார்.

"திரும்பவும் சாக்கா? நான் என்ன மூட்டை தூக்கவா வந்தேன்?"

சாருக்கு என்ன ஆயிற்று என்று அக்கா அம்மாவிடம் கன்னடத்தில் கேட்டார். எனக்கோ பயம் பிடித்துக்கொண்டது. அம்மாவுக்குச் சிரிப்பு மறந்ததுபோல் அப்பாவுக்குக் கன்னடம் மறந்துவிட்டதா? அவர் சட்டையை இழுத்து, போதுமா என்றுதான் கேட்கிறார்கள் என்று விளக்கினேன். "அப்படியா?" என்றார், அப்போதுதான் தெரிந்துகொண்டவர்போல.

பின்னால் ஏதோ சத்தம். அம்மா தும்முகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். நிற்க முடியாமல் பக்கத்துக் கடைப் படியில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு நடுவிலேயே அழுகையாக மாறியது. அக்கா தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அப்பா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அவரைக்காயைப் பார்த்தபடி நின்றார்.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. டாக்டர், மாத்திரை என்று பல மாதங்கள் போயின. ஆனால் அதற்குப் பிறகு அம்மாவால் அழ முடிந்தது. சிரிப்பும் எப்போதாவது எட்டிப் பார்த்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே அப்பாவுக்குக் கன்னடம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். ஒந்து, எரடு, மூரு என்று அவரும் பணிவாகத் திருப்பிச் சொன்னார். தள்ளுவண்டி முன்னால் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டது, எல்லார் எதிரிலும் தப்பாகப் பேசிவிட்ட வெட்கத்தில்தான் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.