உப்புப் போடாத தண்ணீர்

ஆரோக்கியசாமி சார் இருந்தார், மெஷினுக்குள் படுத்தபடி. பெரிய டாக்டர் இருந்தார். படம் எடுக்கும் சாந்தி இருந்தாள். கதவோரம் நான் இருந்தேன்.

தப்பு செய்தவன் நான். மற்ற மூவருக்கும் தெரியாது... இப்போது உங்களுக்குத் தெரியும்.

எண்பதுகளின் கடைசி. சிங்கப்பூரில் ஓர் ஆஸ்பத்திரி. காந்த மெஷினில் உடம்புக்குள் படம் எடுக்கும் அறை. நான் அங்கே அட்டெண்டர். படிப்பு நாலாம் வகுப்பு.

மெஷின் ரேடியோ அலையைத் துடிப்புத் துடிப்பாக உள்ளே அனுப்பும். நடுவில் ஓர் அளவு விழும், ஓரத்தில் ஓர் அளவு. படத்தை வைத்து நோயை எண்ணால் சொல்ல வேண்டுமென்றால் அது உதவாது. எங்கும் சமமாக விழும்படி துடிப்பை வடிவமைப்பது சாரின் வேலை. பெரிய டாக்டர் கெடு வைத்திருந்தார். சரிவந்தால் சாருக்கு வேலை நிரந்தரம். இல்லையென்றால் வீட்டுக்கு.

சோதிக்கத் தலை அளவில் ஒரு கண்ணாடிப் புட்டி. உள்ளே நீல மருந்தும் உப்பும் கலந்த தண்ணீர்.

"நம்ம உடம்பே உப்புத் தண்ணிதான் அண்ணே, தேக்கா மார்க்கெட் மீன் குழம்பு மாதிரி லா!" என்பார் சார். உப்பைத் தானே எடைபோட்டு, தாளில் மடித்து, மேலே அளவு எழுதி அலமாரியில் வைப்பார்.

அந்தப் புட்டியை நான் கீழே போட்டேன். உடைந்தது.

முந்தின மாதம்தான் இரும்பு முக்காலியை உள்ளே கொண்டுபோய், காந்தம் இழுத்து, எச்சரிக்கைக் கடிதம் வாங்கியிருந்தேன். இன்னொரு கடிதம் வந்தால் வேலை போகும். வேறு புட்டி எடுத்தேன். நீலம் கலந்தேன். உப்புப் பொட்டலத்தைக் கையில் எடுத்த நேரம், நோயாளியைத் தள்ளிவரச் சாந்தி கூப்பிட்டாள். ஓடினேன். திரும்பி வந்து பார்த்தேன். நிறம் சரியாக இருந்தது. மூடினேன். உடைந்ததிலிருந்து சாரின் எழுத்திருந்த லேபிளை உரித்து இதில் ஒட்டினேன்.

மறுநாள் சார் கேட்டார். "படத்துல நடுவுல திடீர்னு வெளுப்பு ஏறுது. புட்டி பழசுதானே அண்ணே?"

"அதேதான் சார்."

சொல்லும்போதே கை, நேற்றுப் போட்ட அதே சட்டையின் பையைத் தொட்டது. உள்ளே பொட்டலம்! நிறத்தைக் கண் பார்க்கும்... உப்பைப் பார்க்குமா? அப்போதாவது வாயைத் திறந்தேனா? இல்லை!

மூன்று வாரம். உப்பில்லாத தண்ணீரில் அலை நடுவில் குவியும், உப்புள்ள உடம்பில் அப்படிக் குவியாது. அந்தத் தண்ணீரை நம்பி, நடுவைக் குறைத்துக் குறைத்துத் துடிப்பை மாற்றினார். புட்டி எங்கும் ஒரே வெளிச்சமாக வந்தது. கெடு நாளில் தன் தலையையே உள்ளே வைத்தார்.

"சார், உங்க மண்டை நடுவுல ஒண்ணுமே இல்ல லா!" சாந்தி சிரித்தாள். திரையில் நடுவெல்லாம் இருட்டு. பெரிய டாக்டர் சிரிக்கவில்லை. அவளும் நிறுத்தினாள்.

சார் எழுந்து வந்தார். "புட்டியை இன்னொரு தடவை வைங்க அண்ணே."

வைத்தேன். என் கையால்! படம் குறையில்லாமல் வந்தது.

சார் இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "புட்டி பொய் சொல்லாது. என் கணக்குதான் தப்பு," என்றார். பெரிய டாக்டர் ஃபைலை மூடினார்.

வேலை போய்க் கிளம்பும் நாளில் சார் என் கையைப் பிடித்தார். "புட்டியைப் பத்திரமாப் பாத்துக்குங்க அண்ணே."

தலையாட்டினேன்... வேறென்ன செய்தேன்?

பொட்டலம் இன்னும் என்னிடம் இருக்கிறது. பிரிக்கவில்லை. மேலே சாரின் எழுத்து.

பதினெட்டு கிராம்.