மண்டி போட்ட வண்டியும் மாசிலாமணி அண்ணனும்

செய்தி வந்தபோது நான் மலையடிவாரத்து ஈப்போ வொர்க்‌ஷாப்காரரோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். வண்டியைத் தூக்கி நிறுத்தும் காற்றுக் கம்ப்ரசருக்கு அவர் சொன்ன விலை, என் விடுதியின் இரண்டு மாத வருமானம். நடுவில் ஸ்டெல்லா அக்காவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. துண்டித்தேன். மறுபடி வந்தது. மறுபடியும் துண்டித்தேன். நான் எடுக்காததால் மாசிலாமணி அண்ணன் தன் மனைவியின் போனிலிருந்து கூப்பிட்டுச் சமாதானம் பேசப் பார்க்கிறார் என்று நினைத்தேன். ஐந்து மாதமாக அவரோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை. மூன்றாவது முறை எடுத்து, “என்ன வேணும் உங்களுக்கு?” என்று கத்தினேன்.

“புஷ்பம், அண்ணன் போயிட்டாரும்மா,” என்றார் அக்கா.

காலையில் வாசலில் குனிந்து வண்டியை அளந்துவிட்டு உள்ளே வந்தவர், நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அக்கா தேநீரோடு வருவதற்குள் முடிந்துவிட்டது. நான் கத்தியது அக்காவிடம்தான். ஆனால் அவருக்கென்று கத்தியது. அது இன்னும் என் வாயிலேயே கசந்துகொண்டிருக்கிறது.

அவரைத் தெரிந்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். திரிங்காப்பில் அவரோடு முட்டைக்கோஸ் மூட்டை ஏற்றியவர்கள் இருப்பீர்கள். ஞாயிறு பூசையில் அவருக்குப் பக்கத்தில் நின்றவர்கள் இருப்பீர்கள். எங்கள் வகை வண்டி வைத்திருப்பவர்களின் வாட்சாப் குழுவில் அவரைத் திட்டித் தீர்த்தவர்களும் இருப்பீர்கள். வண்டியின் பெயரை மட்டும் எழுத மாட்டேன். அதைச் செய்கிறவர்களுக்கு வக்கீல்கள் உண்டு, எனக்கு இல்லை.

அண்ணன் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், பிறந்தவர். அப்பா தோட்டத்து லோரி ஓட்டினார். அண்ணனும் லோரி ஓட்டி, பிறகு சொந்தமாக இரண்டு லோரி வாங்கி, மலைக் காய்கறியைக் கீழே கொண்டுபோய் இறக்கினார். ஐம்பத்தெட்டு வயதில் திடீரென்று ஒரு சொகுசு ஜீப், யாரோ ஏழு வருடம் ஓட்டிக் களைத்தது, அவர் வீட்டு வாசலில் வந்து நின்றது. சின்ன வயதில் தோட்டத்துத் துரையின் காருக்கு ஒதுங்கி நின்றவர், அந்த ஆசையைத் தீர்த்துக்கொள்கிறார் என்று ஊர் பேசியது. நானும் பேசினேன். ஒருநாள் அவரிடமே கேட்டும்விட்டேன்.

“துரையாவது ஒண்ணாவது. உங்க அக்காவுக்கு முட்டி போச்சு. இங்க பாரு,” என்று ஒரு பொத்தானை அழுத்தினார். அந்தப் பெரிய வண்டி பெருமூச்சு விட்டுக்கொண்டு மெல்லத் தாழ்ந்தது. முப்பது வருடம் சரிவில் நின்று கொழுந்து பறித்த ஸ்டெல்லா அக்கா, யார் கையையும் பிடிக்காமல் ஏறி உட்கார்ந்தார். “வண்டி மண்டி போடுது தங்கச்சி. நம்ம வீட்டு ஆளுக்கு மண்டி போடுது,” என்றார் அண்ணன். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அந்த ஒரு காட்சியில்தான் நான் கவிழ்ந்தேன். நாலே மாதத்தில் அதே வண்டி, அதே கறுப்பு நிறத்தில், பிரிஞ்சாங்கில் என் விடுதி வாசலுக்கும் வந்துவிட்டது. சுற்றுலாப் பயணிகளைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஏற்றிப்போக என்று எல்லோருக்கும் காரணம் சொன்னேன்.

மண்டி போட்ட வண்டி எழுந்திருக்காது என்பது எனக்குக் கியா பார்ம் என்ற ஊரில் தெரிந்தது. பள்ளி விடுமுறை, சனிக்கிழமை, ஸ்ட்ராபெரிக் கடைகளுக்கு நடுவில் வாகனங்கள் நகராமல் நிற்கின்றன. உள்ளே கோலாலம்பூரிலிருந்து வந்த நான்கு பேர். திரையில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது, வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தது. பின்னால் ஹாரன் சத்தம். நான் இறங்கிச் சக்கரத்தை உதைத்தேன். போன் போட்டதும் அண்ணன் காய்கறி லோரியில் வந்து சேர்ந்தார். என் விருந்தாளிகளை லோரியின் முன் இருக்கையில் நெருக்கி உட்காரவைத்தார். பிறகு பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, “போய் ஒரு டீ குடிச்சிட்டு வா,” என்றார்.

“இந்த நேரத்துல டீயா?”

“அது எல்லாத்தையும் மறக்கணும் லா. மறந்துட்டா எந்திரிக்கும். நீ உதைச்சா அதுக்குப் புரியாது. உன் கால்தான் வீங்கும்.”

டீ குடித்துவிட்டு வந்தேன். வயரை மாட்டினார். எழுந்தது. என் கால் வீங்கத்தான் செய்தது.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் நாங்கள் இரண்டு பேரும் ஒரே நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் போல வாழ்ந்தோம். ஈப்போவுக்குச் சேர்ந்தே இறங்குவோம். ஒரு வண்டி விழுந்தால் இன்னொன்று ஆளைக் கொண்டுவர வேண்டும். ஒருமுறை காற்றுப்பை, ஒருமுறை அதன் குழாய், ஒருமுறை குளிரூட்டி, ஒருமுறை கதவே திறக்கவில்லை. பில்லைப் பார்த்து நான் கொதிப்பேன். அண்ணன் கழற்றிப் போட்ட பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்வார். “இதுக்கும் நான் காசு குடுத்தவன். வீட்டுக்கு வரட்டும்,” என்பார். கிழிந்த காற்றுப்பைகளை அறுத்து மண் நிரப்பி, ஸ்டெல்லா அக்கா கொத்தமல்லி விதைத்தார். மலையிலேயே விலை கூடிய கொத்தமல்லி அதுதான் என்று அவரைக் கேலி செய்வேன்.

தினமும் காலையில் ஒரு மர அடிக்கோலை எடுத்துக்கொண்டு, சக்கரத்துக்கும் அதன் மேல் வளைவுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று அளப்பார். இரவில் எந்தப் பக்கம் காற்று இறங்கியது என்று அதில் தெரிந்துவிடும். நான்கு சக்கரத்துக்கும் அங்குலத்தில் நான்கு எண். எனக்கு அனுப்புவார். நான் என் வண்டியை அளந்து அவருக்கு அனுப்புவேன். காலை வணக்கம் என்று ஒருநாளும் எழுதியதில்லை. எண்கள்தான்.

வாட்சாப் குழுவில் ஒவ்வொரு ரிப்பேரையும், அதன் பில்லையும் படம் எடுத்துப் போட்டவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் வண்டியைக் கழுவி, கடற்கரையில் நிறுத்தி, அந்தப் படங்களைப் போடுவார்கள். இப்படி ஊரறியப் போட்டால் விற்கிற விலை விழுந்துவிடும் என்று ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். “விலை விழட்டும் லா. மலைப் பாதையில ஆளு விழக் கூடாது,” என்று குரலில் பதிவு செய்து அனுப்பினார் அண்ணன். அந்தப் பதிவை நான் நான்கு பேருக்குப் பெருமையாகப் போட்டுக் காட்டினேன். அப்போது விற்க வேண்டியது என் வண்டி இல்லை, அதனால் பெருமை எளிதாக வந்தது.

பிறகு என் வண்டியை விற்க வேண்டி வந்தது. விடுதியின் கூரை ஒழுகியது. ஒரு மழைக்காலம் அறைகளைப் பூட்டிவைத்தேன். வண்டி போனால்தான் கூரை. ஈப்போவிலிருந்து ஒருவர் குடும்பத்தோடு வந்தார். நான் விடியற்காலையிலேயே இன்ஜினை ஓடவிட்டுக் காற்று ஏற்றி, வண்டியைக் கம்பீரமாக நிற்கவைத்திருந்தேன். அவருக்குப் பிடித்துவிட்டது. கையைக் குலுக்கிவிட்டு எதிர்க் கடையில் சாப்பிடப் போனார்கள். அங்கே அண்ணன் உட்கார்ந்திருந்தார். அதே வண்டி வைத்திருப்பவர் என்று கடைக்காரர் காட்டிக்கொடுக்க, அந்த மனிதர் அண்ணனிடம் எப்படி என்று கேட்டிருக்கிறார். “மூணு நாள் ஓட்டாம நிறுத்தச் சொல்லிட்டு, நாலாவது நாள் வந்து பாருங்க,” என்றிருக்கிறார் அண்ணன். அவர்கள் சாப்பிட்டுவிட்டு நேராக மலை இறங்கிவிட்டார்கள்.

பிரிஞ்சாங் நடுத்தெருவில் நான் அவரைப் பிடித்துக் கேட்டேன். அன்று பார்த்தவர்கள் இன்னும் அதைப் பேசுகிறார்கள். “நீங்க எனக்கு அண்ணனா, அவனுக்கு அண்ணனா?” என்றேன்.

அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “அவன் பின்னாடி சீட்டுல ரெண்டு பிள்ளைங்க இருந்துச்சு தங்கச்சி. ஒருநாள் அவனும் கியா பார்ம் டிராபிக் ஜேம்ல நிப்பான். அப்ப யாருக்குப் போன் போடுவான்?”

“அது அவன் தலைவலி!”

“கேட்டான். சொன்னேன். கேக்காம இருந்தா சொல்லியிருக்க மாட்டேன்.”

அதோடு பேச்சை முறித்துக்கொண்டேன். அவர் முறிக்கவில்லை. காலையில் நான்கு எண்கள் வந்துகொண்டேயிருந்தன. நான் திறக்காமலேயே விட்டேன். ஐந்து மாதத்து எண்கள் அப்படியே குவிந்து கிடந்தன.

அடக்கத்தன்று அவர் வண்டி எங்களைப் பழிவாங்கியது. வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு அது தரையோடு உட்கார்ந்திருந்தது. வளைவு சக்கரத்தில் உரசியது, நகர்த்த முடியவில்லை. பெட்டி உள்ளே. தூக்கிவர ஆறு பேர் உள்ளே. ஃபாதர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இழுத்துத் தள்ளலாம் என்கிறார் ஒருவர், கூட்டமாகத் தூக்கலாம் என்கிறார் இன்னொருவர். “யாரும் கை வைக்காதீங்க!” என்று கத்திவிட்டு, வெள்ளைச் சேலையோடு நான் பேட்டரி வயரைக் கழற்றினேன். பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. யாரோ என் கையில் ஒரு கோப்பை டீயைத் திணித்தார்கள். நூறு பேர் பார்க்க, அண்ணனின் பெட்டி காத்திருக்க, நான் நின்று டீ குடித்தேன். குடித்து முடித்து வயரை மாட்டினேன். வண்டி பெருமூச்சு விட்டது, எழுந்தது. அதை ஓட்டி வெளியே நிறுத்திவிட்டு, ஸ்டீரிங்கில் தலையை வைத்து அழுதேன். அப்போதுதான் போனைத் திறந்து, இறந்த அன்று காலையில் அவர் அனுப்பியிருந்ததைப் பார்த்தேன். முன் இடது 3, முன் வலது 6, பின் இடது 6, பின் வலது 5.

இனி எழுதப்போவதுதான் எனக்குக் கடினம். முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் அக்கா, “இத யாருக்காவது வித்துரு புஷ்பம். காலையில கதவத் தொறந்தா அது உக்காந்துருக்கு. என்னால பாக்க முடியல,” என்றார். கம்போங் ராஜாவில் பூத்தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் பார்க்க வந்தார். அவர் வருவதற்கு முன்பே நான் இன்ஜினை ஓடவிட்டிருந்தேன். சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம், “நீங்களும் இதே வண்டிதான் வச்சிருக்கீங்களாமே அக்கா. எப்படி?” என்றார்.

ஸ்டெல்லா அக்கா கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்ல வண்டி தம்பி,” என்றேன். “அண்ணன் பிள்ளை மாதிரி பாத்துக்கிட்டாரு.”

அவர் முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அறைக் கணக்கை மாற்றி எழுதினேன், விருந்தாளிக்கு உப்பில்லாமல் குழம்பு வைத்தேன். என் மேல்தான் கோபம், அண்ணன் மேலும் கோபம். செத்தும் இந்த மனிதர் நிம்மதியாக ஒரு வண்டியை விற்க விடவில்லையே என்று. மூன்றாம் நாள் கம்போங் ராஜாவுக்குப் போனேன். ரோஜாப் பாத்திக்கு நடுவில் அவரை நிறுத்தி, கம்ப்ரசரிலிருந்து கதவு வரை எல்லாவற்றையும் சொன்னேன்.

“இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே அக்கா,” என்றார் அவர். அவர் வண்டியை வேண்டாம் என்றுவிட்டார்.

திரும்பி வந்து அக்காவிடம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “அந்த மனுசன் போயும் அந்தக் கொணம் போகலியா?” என்றார். உள்ளே போய்ச் சாவியையும் அடிக்கோலையும் எடுத்துவந்து என் கையில் வைத்தார், கூடவே ஒரு தொட்டிக் கொத்தமல்லியையும். “அப்ப நீயே ஓட்டிட்டுப் போ. இனி என் கண்ணுல படக் கூடாது.”

இப்போது என் வாசலில் இரண்டு கறுப்பு வண்டிகள் உட்கார்ந்திருக்கின்றன. கூரை இன்னும் ஒழுகுகிறது. இரண்டும் விற்பனைக்குத்தான். ஆனால் கேட்டால் சொல்லிவிடுவேன், அதனால் யாரும் வாங்குவதாகத் தெரியவில்லை. மாசிலாமணி அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது இவ்வளவுதான்: ஒரு வண்டி, ஓர் அடிக்கோல், காற்றுப்பையில் முளைத்த ஒரு தொட்டிக் கொத்தமல்லி, கேட்டவருக்கு உண்மையைச் சொல்லித் தொலைக்கும் ஒரு வியாதி.

போன வாரம் ஒரு காலை, பழக்கமாகவோ ஆற்றாமையாகவோ, அவர் வண்டியை அளந்து அவர் எண்ணுக்கே அனுப்பினேன். முன் இடது 4, முன் வலது 6, பின் இடது 5. பின் வலது சக்கரம் சுவரோடு ஒட்டி நிற்கிறது, எட்டிக் குனிய அலுப்பாக இருந்ததால் விட்டுவிட்டேன். போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போவதற்குள் அவர் எண்ணிலிருந்து பதில் வந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிறகுதான் அந்தப் போன் ஸ்டெல்லா அக்காவிடம் இருப்பது நினைவுக்கு வந்தது.

“பின் வலது?” என்று கேட்டிருந்தார்.

அடிக்கோலை எடுத்துக்கொண்டு மறுபடி வெளியே போனேன்.