மைக்கில் கேட்ட பேர்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. படிப்பு அஞ்சாவதோடு சரி. அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் கையெழுத்தும், எப்போதாவது ஒரு கடுதாசியும்தான். முன்னே நடந்தது பின்னேயும் பின்னே நடந்தது முன்னேயும் வந்துவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். மறதி வேறு. கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு, அதைத் தேடிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

கொஞ்ச நாள் முன்பு பேரன் என்னை வண்டியில் உட்கார வைத்து, ராசிபுரத்தில் புதிதாக வந்திருக்கும் ஓட்டலுக்குக் கூட்டிப் போனான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நல்ல கூட்டம். இப்போதெல்லாம் போனதும் இலை முன்னால் உட்கார்ந்துவிட முடியாது போலிருக்கிறது. வாசலில் ஒரு பெண் நம் பேரை எழுதிக்கொள்கிறது. மேசை காலியானதும் மைக்கில் கூப்பிடுகிறது. பேரன் பேரைக் கொடுத்துவிட்டு வண்டியை நிறுத்தப் போனான். நான் பெஞ்சில் இருந்தேன். உள்ளேயிருந்து நெய் காய்ந்த வாசனை வந்துகொண்டிருந்தது. அப்போது அந்தப் பெண் மைக்கில் ஒரு பேரைச் சொன்னது. நான் எழுந்து நின்றுவிட்டேன். வாசலையே பார்த்தேன். நான் பார்த்தது பேரனை அல்ல.

பேரனுக்கு என் வீட்டுக்காரர் பேரைத்தான் வைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் என் வயதுப் பெண்டுகள் புருசன் பேரைச் சொல்ல மாட்டோம். அதே பேர் பேரனுக்கு இருந்தால் அவனையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். பிறந்ததிலிருந்து அவன் எனக்குச் சாமிதான். அவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது பையன் பேர் என்ன என்று டீச்சர் கேட்டார். நீயே சொல்லு சாமி என்று முதுகில் தட்டிவிட்டேன். இந்தக் கிழவிக்குப் பேரன் பேரே தெரியாது என்று அந்தம்மா நினைத்திருப்பார்.

ஓட்டல் இருக்கிற இடம் முன்பு வெறும் திடல். அதில் ஒரு காலத்தில் நாடகத் தகரக் கொட்டகை போட்டிருந்தார்கள். ஓரத்தில் ஒரு கிளப்புக்கடை, ஓட்டலை அப்போது அப்படித்தான் சொல்வோம். கல்யாணமாகி நாலாம் மாசமோ அஞ்சாம் மாசமோ, தறிக்கு லீவு விட்ட ஒரு நாள், வீட்டுக்காரர் என்னை அங்கே கூட்டிப் போனார். ஆட்கள் பார்க்கச் சாப்பிட எனக்குக் கூச்சம். வாய் வரை போன கை இறங்கிவிடும். அதைப் பார்த்துவிட்டு என்னைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்தார்.

"ஊட்ல திங்கற மாதிரி தின்னு. செவுரு ஒண்ணுஞ் சொல்லாது."

கோதுமை அல்வா. சூடாக மந்தார இலையில் வைத்துத் தருவார்கள். தின்று முடித்ததும் இலையில் நிற்கிற நெய்யின் மேல் ஒரு கை மிக்சரைப் போட்டுவிட்டுப் போவார் கடைக்காரர். அந்த மிக்சர் ருசிக்காகவே அல்வா தின்னலாம். அப்படியும் நான் பாதிதான் தின்றேன்.

நாடகத்துக்கு ஆறரை மணிக்கு மணியடித்தார்கள். நடுவில் கயிறு கட்டி இந்தப் பக்கம் பொம்பளைகள், அந்தப் பக்கம் ஆம்பளைகள். மேடை கிழக்குப் பார்த்து, தரையெல்லாம் மணல். முன்னால் இருப்பவர் தலை மறைக்காமலிருக்க மணலைக் குவித்து அதன் மேல் உட்காருவோம். ராஜா காட்டுக்குப் போகிற கதை என்று ஞாபகம். இடைவேளையில் என் வீட்டுக்காரர் வெளியே போனார். திரும்பத் திரை தூக்கியும் ஆளைக் காணோம்.

கொஞ்ச நேரம் கழித்து வந்தார். கயிற்றோரம் நின்று பொம்பளைகள் பக்கம் தேடினார். எனக்கு முன்னால் ஒரு அம்மா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றது, என்னை மறைத்துவிட்டது. நான் எட்டி, "ஏனுங்க" என்றேன். பத்து ஆம்பளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் திரும்பவில்லை. எல்லோர் வீட்டிலும் அதுதானே கூப்பாடு. நான் பயந்து வெளியே போய்விட்டேன் என்று நினைத்து அவர் ஓடிவிட்டார். பின்னாலேயே போய்ப் பார்த்தால் திடலில் ஆள் இல்லை. ஊருக்கு எந்த பஸ் என்று கூட எனக்குத் தெரியாது. அழுதுகொண்டே மேடைக்குப் பின்னால் போய் நின்றேன்.

அங்கே பபூன் வேசக்காரர் மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒரு கன்னத்தில் மட்டும் சாயம் இருந்தது. புருசனைக் காணோம் என்றதும் பேரைக் கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

"பேரச் சொல்லலீன்னா எப்புடி அம்மிணி? ஊர்ல இருக்கற புருசமாரையெல்லாமா நான் கூப்புடறது?"

டீ குடித்துக்கொண்டிருந்த ராஜா கிரீடத்தோடு சிரித்தார். நான் கீழே உட்கார்ந்து மணலில் விரலால் எழுதினேன். பபூன் குனிந்து எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு மைக்கில் சொன்னார். அந்தப் பேர் தகரத்தில் மோதித் திடலெல்லாம் சுற்றி வந்தது. நானே கூப்பிட்டது போலவும் இருந்தது, யாரோ கூப்பிட்டது போலவும் இருந்தது.

பஸ் ஸ்டாண்டு வரை போனவர் அதைக் கேட்டு ஓடி வந்தார். கையில் நசுங்கிப் போன இலைப் பொட்டலம். நான் வைத்துவிட்ட பாதி அல்வாவுக்காக இடைவேளையில் இன்னொன்று வாங்கப் போயிருக்கிறார். மணலில் இருந்த எழுத்தைப் பார்த்தார். அதை மிதிக்காமல் சுற்றி வந்து நின்றார்.

"எழுதத் தெரிஞ்ச புள்ள, ஒருக்கா வாயால சொல்லேன்."

அன்றிலிருந்து எப்போது அல்வா வாங்கி வந்தாலும் இதைக் கேட்பார். அடுத்த சென்மத்தில் சொல்கிறேன் என்பேன். "அப்ப எனக்கு வேற பேரா இருக்குமே" என்பார். இருவரும் சிரிப்போம்.

ஆறு வருசத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் கண் மூடிக் கிடந்தார். பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்கள் பாட்டி, காதில் விழும் என்று நர்சம்மா சொன்னார். ஏனுங்க என்றேன். மாமா என்றேன். கயிற்றோரம் நின்ற அன்றைக்குப் போலவே அவர் திரும்பவில்லை. அவர் உள்ளங்கையை விரித்துப் பேரை விரலால் எழுதினேன். படித்துச் சொல்ல மைக்குக்காரர் யாரும் இல்லை. மத்தியானம் போய்விட்டார். வாயால் சொல்லியிருந்தால் திரும்பியிருப்பாரோ என்னமோ. இதை நான் யாரிடமும் கேட்டதில்லை.

ஓட்டலில் அந்தப் பெண் இரண்டாம் தரமும் கூப்பிட்ட பிறகுதான் பேரன் வந்தான். அல்வா சின்னக் கிண்ணத்தில் கரண்டியோடு வந்தது. மிக்சர் இல்லை. பாட்டிக்கு இந்தக் கடை பிடித்துவிட்டது என்று பேரன் இப்போது வாராவாரம் கூட்டிப் போகிறான். வண்டியைத் தள்ளி நிழலில் நிறுத்து சாமி என்று நானே சொல்கிறேன். அவன் வருவதற்குள் இரண்டு மூன்று தடவை கூப்பிடுவார்கள்.

கொட்டகை இல்லை, கிளப்புக்கடை இல்லை, மந்தார இலையும் கண்ணில் படுவதில்லை. திடல் மண்ணைத் தோண்டிக் கல் பாவிவிட்டார்கள். நான் சொல்வதில் தப்பு இருக்கலாம். மேடை கிழக்குப் பார்த்து இருந்ததா, அது ராஜா கதைதானா என்று ராசிபுரத்துக்காரர்கள் யாராவது பார்த்துத் திருத்துங்கள். அன்றைக்கு அந்தக் கொட்டகையில் இருந்தவர்கள் யாராவது உயிரோடு இருந்தால் ஒன்று சொல்லுங்கள். பாதி நாடகத்தில் மைக்கில் ஒரு பேரைக் கூப்பிட்டார்களே, அது உங்களுக்கும் கேட்டதுதானே?