டிராக்டரில் வந்த புருஷன்மார்கள்

அரசு சாராயக்கடைகளைத் திறந்த மறு வருஷம், ஊரைத் தாண்டியிருந்த காளியம்மன் கோயில் கிடாவெட்டு விருந்துக்குப் போன ஐயாவு வீடு திரும்பவில்லை. போதையில் மதகில் கால் தவறி வாய்க்காலில் விழுந்தவர், பிணமாகத்தான் கிடைத்தார்.

நடவுக்குப் போய்ப் பிழைத்த அவர் மனைவி ரெங்கம்மாள், அடுத்த விருந்துக்கு வரி பேசிய கூட்டத்தில் எழுந்து நின்றாள்.

"சாராயத்துக்குக் காசு ஒதுக்குறீங்க. குடிச்சவங்களை வீட்டுல கொண்டாந்து விட டிராக்டருக்கும் ஒதுக்குங்க. என் பங்குக்கு எங்க ஆட்டை வித்துத் தரேன்."

கூட்டம் ஒத்துக்கொண்டது. கூலிச் சண்டையில் முறைத்துக்கொண்டிருந்த மிராசுதாரிடமே போய் டிராக்டரை வாடகைக்குப் பிடித்தார்கள்.

விருந்தன்று பொழுது சாயும் நேரம் டிராக்டர் தெருவுக்குள் நுழைந்தது. பெண்கள் ஓடிவந்து அவரவர் புருஷனைத் திட்டித் திட்டி இறக்கினார்கள். போனவர்களில் ஒருவர்கூடக் குறையவில்லை. ரெங்கம்மாளுக்கு வயிறு எரிந்தது. என் ஆட்டுக் காசில் ஊரார் தாலியெல்லாம் தப்பிவிட்டது, என் தாலி மட்டும் போய்விட்டதே என்று பொருமினாள்.

பக்கத்து வீட்டுப் பூவம்மாள், தள்ளாடும் கணவனைத் தாங்கிக்கொண்டே, "இந்தக் கொடுமையைப் பாருங்கக்கா! உங்களுக்கு இந்தத் தொல்லை இல்ல" என்றாள்.

ரெங்கம்மாளுக்கு அவளை அறையலாம் போலிருந்தது.

"திட்டுறதுக்காவது உனக்கு ஆள் இருக்குல்லடி" என்றாள்.

பூவம்மாள் கணவனை உள்ளே கூட்டிப்போனாள்.

அடுத்த வருஷமும் டிராக்டருக்கு முதல் ஆளாகக் கொடுத்தவள் ரெங்கம்மாள்தான். ஆனால் அது ஊருக்குள் வரும் நேரம் பார்த்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு வயல் பக்கம் போய்விட்டாள்.