கழன்று வந்த சக்

தியாகதுருகம் பழைய இரும்புக் கடையில் என் பழைய லேத்துக்கு ஒரு சக் கிடைத்தது; கடைய வேண்டிய இரும்பைக் கவ்விப் பிடித்துச் சுற்றும் கனமான தலை அது. அளவு பொருந்தவில்லை. நானே ஒரு தட்டு கடைந்து, மரை போட்டு மாட்டினேன். மோட்டாரின் பழைய வயரை எடுத்துவிட்டுப் புது வயரும் கட்டினேன்.

இன்று காலை முதல் வேலை. டிராக்டரில் மாட்டும் இரும்புப் பின் ஒன்றைக் கடையக் கொண்டுவந்த கரும்புக்காரர் லேத்துக்கு முன்னாலேயே நின்றார்.

"தள்ளி நில்லுங்கண்ணே."

"நீ போடுப்பா, நான் பாத்துக்கினு இருக்கேன்."

அவருக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே வெளியே போனார். நான் சுவிட்சைப் போட்டேன்.

மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றியது. வயரின் முனைகளை இடம் மாற்றிக் கட்டியிருக்கிறேன். எதிர்ப்பக்கம் சுற்றியதில் சக் மரையிலிருந்து கழன்று, அவர் நின்ற இடத்தில் சிமெண்டைப் பெயர்த்துக்கொண்டு விழுந்தது.

சுவிட்சை அணைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றேன்.

அவர் திரும்பி வந்து தரையைப் பார்த்தார். "இன்னாப்பா, அதுக்குள்ள கழட்டிட்டியா? வேலை முடிஞ்சிதா?"

"இல்லண்ணே. ஒரு டீ குடிச்சிட்டு வாங்க."

லேத் ஓட்டும் நண்பர்களே, வயர் மாற்றினால் சக்கை மாட்டுமுன் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்க்க வேண்டும். எனக்கும் தெரியும், திட்டாதீர்கள்.

வயரைச் சரிசெய்து, வெறுமனே ஓட்டியும் பார்த்துவிட்டேன். சரியாகத்தான் சுற்றுகிறது. சக்கையும் மாட்டியாயிற்று. அவர் டீக்கடையில் காத்திருக்கிறார்.

யாராவது வந்து அந்த சுவிட்சைப் போட்டுத் தருகிறீர்களா?