அப்பாவுக்கு நரை வைத்த மாமா

இறந்தவர்களுக்கு வயதாகாது என்பதை என் மாமா ஒப்புக்கொள்ளமாட்டார். அம்மாவின் தம்பியான அவர் கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு ஸ்டூடியோவில் கம்ப்யூட்டரில் கல்யாண ஆல்பம் செய்துகொண்டிருந்தார். மண்டபத்துக்கே வராத சித்தப்பாவைக் குரூப் போட்டோவில் நிற்கவைப்பார், மூடிய கண்ணைத் திறந்துவைப்பார். கடவுளுக்கு அடுத்தபடி தான்தான் என்று அவருக்கு ஒரு நினைப்பு.

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது நான் ஐந்தாம் வகுப்பு. முதல் நாள் மாலை வரவேற்பில் பெரிய திரையில் ஓட்டுவதற்காக மாமா எங்கள் குடும்பப் படங்களைச் சேர்த்து ஸ்லைடுஷோ செய்தார். கடைசிப் படத்தில் அப்பாவும் எங்களோடு நிற்க வேண்டும் என்றார். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா வேலைக்குப் போன ஊரில் இறந்துவிட்டார் என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். மாமாவுக்கும் அவ்வளவுதான் தெரியும். வீட்டில் இருந்தது அப்பாவுடைய கல்யாணப் படம் ஒன்று மட்டும்.

"அதெல்லாம் வேணாம்டா, விட்டுடு," என்றாள் அம்மா. மாமா கேட்கவில்லை.

அம்மாவுக்குப் பக்கத்தில் அந்த இளைஞனை நிறுத்தினால் மகன்போலத் தெரியும் என்று, அப்பாவின் முகத்துக்கு வயதேற்றத் தொடங்கினார். நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். மவுஸ் நகர நகர மீசை வெளுத்தது, கன்னம் ஒட்டியது, நெற்றி ஏறியது. கண்களை மட்டும் மாமா தொடவில்லை. கிழட்டு முகத்திலிருந்து அந்த இளம் கண்கள் என்னையே பார்த்தன. எழுந்து போகவும் பயமாக இருந்தது.

வரவேற்பில் கடைசிப் படம் வந்தது. முதலில் அக்கா, நான், அம்மா மட்டும்தான். அம்மாவுக்குப் பக்கத்துக் காலி இடத்தில் புகைபோல ஏதோ படிந்து, மெல்ல மெல்ல வேட்டியாகி, தோளாகி, அப்பாவானது. பிறகு அந்த முகம் பெரிதாகிக்கொண்டே எங்களை நோக்கி வந்தது. மாப்பிள்ளையின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போதுதான் பக்கத்து வீட்டுச் சேட்டன் அம்மாவிடம் குனிந்தார். வைட்டிலா பஸ் ஸ்டாண்டில் சாயாக்கடை வைத்திருப்பவர். எங்கள் தெருவுக்குப் புதிது, அப்பாவை அறியாதவர்.

"சேச்சி, இது ஆரு? இந்த ஆளு நம்ம கடைக்கு சாயா குடிக்க வரும். போன ஆழ்ச்சகூட வந்நு. இதே நரை, இதே ஒட்டின கன்னம்."

மாமா நரை வைத்ததும் போன வாரம்தான். முடித்த கையோடு அப்பா அந்த முகத்தை மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டரிலிருந்து இறங்கிப் போயிருக்கிறார்.

அம்மா அலறுவாள் என்று பார்த்தேன். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். "தனியாவா வருவாரு?"

"தனியாத்தான் சேச்சி. எப்பவும்."

செத்தவரைப் பற்றிக் கேட்கிற கேள்வியா அது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

"அவரு இல்லன்னு சொல்லித்தான் பொண்ணு குடுக்கறோம் சேட்டா. இத ஆருகிட்டயும் பறயாதீங்க," என்றாள் அம்மா. பேய் உலாவுகிற குடும்பத்தில் யார் பெண் எடுப்பார்கள் என்று நானே ஒரு காரணமும் கண்டுபிடித்துக்கொண்டேன்.

அம்மா நேராக மாமாவிடம் போய், அந்தப் படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டாம் என்றாள். அவர் அதற்குள் குடும்பக் குரூப்பில் போட்டிருந்தார். "எல்லாரும் பாத்தாச்சுக்கா," என்றார் பெருமையாக. கூப்பிய கைகளாகப் பதில்கள் வந்து குவிந்துகொண்டிருந்தன. மாப்பிள்ளை வீட்டாரும் தங்கள் சொந்தங்களுக்கெல்லாம் அனுப்பினார்கள். மறுநாள் தாலி ஏறும்வரை அம்மா மண்டபத்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் வரவில்லை.

அக்காவைப் பார்க்கக் களமசேரிக்குப் போகும் பஸ் வைட்டிலா ஸ்டாண்டுக்குள் புகுந்து வெளிவரும். உள்ளே திரும்பியதுமே நான் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வேன். எவ்வளவு கூட்டமானாலும் அம்மா கேட்டு வாங்கி ஜன்னலோரத்தில்தான் உட்காருவாள். ஒருமுறை அரைக்கண்ணால் பார்த்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு, வெளியே ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டிருந்தாள். அந்தப் பேய் பஸ்ஸில் ஏறிவிடாமல் எனக்குக் காவல் இருக்கிறாள் என்று நினைத்து, நிம்மதியாக அவள் தோளில் சாய்ந்துகொண்டேன்.