முனியாண்டி ஐயாவின் லோரிச் சாவி

வீடு தேடிப் போகும் நர்ஸ் மிஸ்ஸி வேலையில் நோயாளியை எப்படியாவது சமாளித்துவிடலாம். அவரைச் சுற்றி நிற்கும் நல்ல மூளைக்காரர்களைத்தான் சமாளிக்க முடியாது. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் படியேறி முட்டி தேய்ந்த என் சக மிஸ்ஸிகளே, உங்களுக்குத் தெரியாததா?

கை தூக்கினால் குணம்

முனியாண்டி ஐயா முப்பது வருஷம் தோட்டத்து லோரியில் தேயிலைக் கொழுந்து ஏற்றி ஓட்டியவர். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்தது. ஆறு மாதத்தில் கையும் காலும் திரும்பிவிட்டன, ஞாபகம் திரும்பவில்லை. மனைவி பாக்கியம் அக்காவையே "நீ யாரும்மா?" என்று கேட்டார்.

பக்கவாதம் மூளையையும் கெடுக்கும், இது மறதி நோய், இனி வண்டி ஓட்டவே கூடாது என்று மகன் சேகரிடம் மூன்று முறை சொன்னேன். கியா பார்மில் காய்கறி வியாபாரம் செய்யும் அவனுக்கோ வீட்டிலேயே டிரைவர் கிடைத்த சந்தோஷம். அப்பாவின் வலக்கையைத் தூக்கிக் காட்டினான். "கை நல்லா வேல செய்யுது மிஸ்ஸி. மறதியெல்லாம் சும்மா நடிப்புலா."

எந்த மாடி?

வாயால் சொன்னால் நம்பாதவன் காகிதத்தை நம்புவான் என்று கிளினிக்கின் ஞாபகச் சோதனைப் படிவத்தை எடுத்துப் போனேன். அதை எழுதிய மகான் தோட்டத்துப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. 'இப்போது என்ன பருவம்?' வருஷம் முழுக்க மழை பெய்யும் ஊரில் நானே விழிப்பேன். 'எந்த மாடியில் இருக்கிறீர்கள்?' ஒரே வரிசையாகத் தகரக் கூரை போட்ட தொழிலாளர் லயத்து வீட்டில்!

சேகர் பின்னால் நின்றுகொண்டு கிழமை, தேதி எல்லாம் முணுமுணுத்தான். ஐயா அப்படியே ஒப்பித்தார். அந்த மார்க்கை நம்பாமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தேன். சேகர் அதை மடித்துப் பையில் போட்டுக்கொண்டான். "அதான் பாஸாயிட்டாரே மிஸ்ஸி! பள்ளிக்கூடத்துல எனக்கே இவ்வளவு மார்க் வந்ததில்ல."

எடை போடு

அடுத்த வாரம், கம்போங் ராஜா ஊருக்கு ஐயா ஓட்டிப் போக வேண்டிய சேகரின் முட்டைக்கோஸ் லோரி தோட்டத்தின் கொழுந்துக் கொட்டகையில் வந்து நின்றது. வழியில் ஒரு வளைவில் எதிர்ப்பக்கம் ஏறி, பள்ளி வேன் மேல் மோதாமல் தப்பியதாம். ஐயா ஒழுங்காக ரிவர்ஸ் எடுத்து, படுதாவை அவிழ்த்து, "கொழுந்து வாடுது, சீக்கிரம் எடை போடுய்யா!" என்று கணக்கெழுதும் கிராணியை அதட்டியிருக்கிறார்.

நான் ஓடிப் போனபோது பாக்கியம் அக்கா ஐயாவைக் கைப்பிடித்து ஓரமாக உட்கார வைத்துக்கொண்டிருந்தார். சேகர் லோரியைச் சுற்றிச் சுற்றி வந்தான். அப்பாவைப் பார்க்கவில்லை, வண்டியைத்தான் பார்த்தான். "ஒரு கீறல் இல்ல மிஸ்ஸி. இவருக்கா மூள போச்சு?"

திருடி

மறுநாள் லோரிச் சாவியைக் காணோம். மாற்றுச் சாவியும் காணோம். ஐயா வீட்டையே புரட்டிப் போட்டுவிட்டு, "இந்த வேலக்காரிதான் எடுத்துட்டா" என்று பாக்கியம் அக்காவைக் காட்டினார். சேகர் கத்தினான். நோயைப் பற்றி நான் பேசியபோது காது கேட்காத லயம் முழுக்கத் திரண்டு வந்து, சீக்காளி மனுஷனை இப்படிப் படுத்துகிறாளே என்று உச்சுக் கொட்டியது. கோபத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அக்கா ஐயாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். கூட்டம் கலைந்ததும் மெதுவாகக் கேட்டேன். இரண்டு சாவியையும் தேயிலைக் காட்டில் வீசிவிட்டாராம். "திருடின்னே சொல்லட்டும் மிஸ்ஸி. நாளைக்கி தாலியறுத்தவன்னு பேரு வாங்குறதுக்கு இது எவ்வளவோ மேல்."

அந்த லயத்தில் மூளை ஒழுங்காக வேலை செய்த ஒரே ஆளுக்கு ஊர் வைத்த பேர் திருடி. மற்றவர்களைச் சோதிக்க எங்களிடம் படிவம் கிடையாது.